சிகரெட்டை அடியோடு விட சுப்பராயலு கையாண்ட வழிகள்

1

பாடலீஸ்வரர் சாட்சியாக, தில்லைக் காளி சாட்சியாக, மாதப் பிறப்பில் வங்கியில் வந்து விழும் என் பென்ஷன் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்தக் கதையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. முதல் இரண்டு சாட்சிகளும் பெரிய மனது படைத்தவர்கள், பொய் சொன்னாலும் மன்னித்துவிடுவார்கள். அதனால்தான் மூன்றாவதைச் சேர்த்தேன். பென்ஷன் மேல் பொய்ச்சத்தியம் செய்த ஒரு மனிதரைக் கடலூர் மாவட்டத்தில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதில் சர்க்கரை நோய் பற்றி ஒரு கட்டுரையும், மூட்டுவலி பற்றி ஒரு கட்டுரையும், அந்த இரண்டையும் போன வருடம் எழுதியவர்களின் கறுப்புக் கட்டம் போட்ட படங்களும் இருக்கும். மலருக்கு ஆசிரியர் இசைவாணி அம்மா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களையெல்லாம் இன்னமும் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவாகவே நடத்துகிறவர். அவர் போனில் கூப்பிட்டு, புகைப்பழக்கத்தை நிரந்தரமாகக் கைவிடப் பத்து வழிகள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதச் சொன்னார். நான் எதற்கு, டாக்டர் யாரையாவது கேட்கலாமே என்றேன்.

"டாக்டருக்கு என்னா சார் தெரியும். உங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி. எத்தன தடவ வுட்டுருக்கீங்க" என்றார்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. ஒருவனுக்குப் பத்து வழி தெரியும் என்றால் ஒன்பது பலிக்கவில்லை என்று அர்த்தம். பத்தாவதும் பலித்ததா என்பதை அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் கட்டுரையை விட்டுவிட்டு, ஒரு மனிதரை உருவாக்கி, வழிகளையெல்லாம் அவர் தலையில் கட்டிவிட முடிவு செய்தேன். அவர் பெயர் சுப்பராயலு.

(நான் பிடிப்பவனா என்று இந்த இடத்தில் கேட்பீர்கள். எழுதும்போது மட்டும். அதுவும் கதை நகராதபோது மட்டும். என் கதைகள் நகர்வதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.)

2

முதல் வரி அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

வங்கக் கடலிலிருந்து வீசிய காற்றில் சுப்பராயலுவின் சிகரெட் புகை ஒரு பழைய கவலையைப் போல — [வேண்டாம். புகையை எதற்காவது ஒப்பிட ஆரம்பித்தால், ஒப்பிட்டு முடிப்பதற்குள் எழுதுகிறவனுக்கு ஒன்று தேவைப்படுகிறது.]

சுப்பராயலு புகைப்பதை விட்டார். [கதை முடிந்தே போய்விட்டது. தாள் நிறைய மீதம் இருக்கிறது.]

சுப்பராயலு புகைப்பதை மீண்டும் விட்டார். [இது பரவாயில்லை. "மீண்டும்" என்ற சொல்லுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.]

ஆகவே: சுப்பராயலு புகைப்பதை மீண்டும் விட்டார். கடலூர் வண்டிப்பாளையத்தில் வீடு. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர்; ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். வேறு ஊரே அவர் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்த ஊர்களில் எல்லாம் அரைமணிக்கு மேல் நின்றதில்லை.

போன தீபாவளிக்கு மறுநாள் அவர் இருமிக்கொண்டே போய்க் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்த டாக்டர் படத்தை அவரிடம் காட்டவில்லை. அவர் மனைவி தனத்திடம்தான் காட்டினார். தனம் வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த சாயங்காலம் சுப்பராயலு மாடிப்படிக்குக் கீழே நின்று ஒன்றைப் பற்றவைத்தார். தனம் உள்ளே போனார். துணிமணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் மகள் இளமதி வீட்டுக்குப் போய்விட்டார். போனில் ஒரே ஒரு தடவை பேசினார்.

"நான் அங்க வரணும்னா நீங்க அத வுட்டுட்டு நேர்ல வந்து நில்லுங்க. நான் பாத்துச் சொல்றன். அந்த பெஞ்சுல இன்னொரு தடவ என்னால ஒக்கார முடியாது."

கதையின் விவகாரம் இவ்வளவுதான். இதற்கு மேல் நான் எவ்வளவு சுற்றினாலும், இந்தப் பெஞ்சை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தாலும் நினைவுபடுத்துங்கள்.

3

சுப்பராயலுவை நடத்துநராக்கியதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. முதலில் அவரைத் தாலுகா அலுவலகத்தில் உட்கார்த்திப் பார்த்தேன்; அங்கே அவர் எழுந்து வெளியே போவதும் வருவதுமாகவே இருந்தார், கதைக்கு அகப்படவில்லை. பிறகு கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவராக்கினேன். வாயில் சிகரெட்டோடு ஏலம் கூவ முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். கடைசியில் பேருந்தில் ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான் அவருடைய உண்மையான வியாதி எனக்குத் தெரிந்தது.

பேருந்துக்குள் புகைக்கக்கூடாது. ஆகவே பணியில் இருந்த காலம் முழுக்க, வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்து டிரைவர் எஞ்சினை அணைத்ததும் இறங்கி, பின்பக்கப் பெட்டிக்கடைக்குப் போய் ஒன்று பிடிப்பார். எஞ்சின் அணைந்தால் சிகரெட் எரியும். இத்தனை வருடத்தில் இது அவர் மூளைக்குச் சொல்லாமலே அவர் கை கற்றுக்கொண்ட பாடமாகிவிட்டது. ஓய்வு பெற்றது சுப்பராயலு; கை இன்னும் டியூட்டியில் இருந்தது.

இதனால் ஒரு விபரீதம். தனம் போன பிறகு, கடலூரில் வீட்டில் இருந்தவரைக்கும் விடுவது அவருக்குச் சிரமமாகவே இல்லை. பண்ருட்டி முந்திரியை வாயில் போட்டு மென்றார். எடை கூடியதே தவிர வேறு கெடுதல் இல்லை. அதை நிறுத்திவிட்டுக் காய்ந்த நெல்லிக்காய்க்குப் போனார். பிறகு, உதடு சும்மா இருந்தால்தானே வம்பு என்று, தன் பழைய விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நடமாடினார். இதில் ஒரு சின்னத் தொல்லை இருந்தது. மூச்சு விட்டால் அது ஊதியது. வண்டிப்பாளையம் தெருவில் அவர் ஒரு பெருமூச்சு விட, போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ நின்றது. அதற்குப் பின்னால் வந்த மாட்டுவண்டி நின்றது. அதற்கும் பின்னால் வந்த சவ ஊர்வலமும் மேளத்தோடு நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுப்பராயலு பொறுப்பான மனிதர். இரண்டு விசில் கொடுத்தார். எல்லாம் கிளம்பிப் போயின.

(இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் முதல் பத்தியில் பென்ஷன் பற்றிச் சொன்னதை மறுபடி வாசிக்கவும்.)

சுத்தமாக ஒரு வாரம் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரு குறையும் இல்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்றை ஆழமாக இழுத்துப் பார்த்துத் தன் நுரையீரலைத் தானே மெச்சிக்கொண்டார். வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

சுப்பராயலுவுக்கு நினைவு வந்தபோது பாதி சிகரெட் முடிந்திருந்தது.

அதன் பிறகு நடந்தவை அவமானத்துக்குரியவை. குழாயில் வாய் கொப்பளித்தார். கிராம்பு வாங்கிக் கடைவாயில் அடக்கினார். யாரோ வீட்டுக் கொய்யா மரத்தில் இலை பறித்து மென்றார். எலுமிச்சம்பழத்தை நறுக்கி விரல்களில் தேய்த்துக்கொண்டார். பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். இப்படி ஒரு கல்யாண வீடே நடந்து போவதுபோலக் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் நுழைந்து, மகள் வீட்டு வாசலில் மூச்சை அடக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.

தனம் கிரில் கேட்டுக்கு உள்ளே நின்று அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"போய்ட்டு வாங்க" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட சுப்பராயலுவுக்குத் துணிவு வரவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து பால் கருகும் நாற்றம் வந்தது. "தனம், பால்" என்றார். தனம் திடுக்கிட்டுத் திரும்பி உள்ளே ஓடினார். சுப்பராயலு திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

[பால் ஏன் கருகியது என்று எனக்குத் தெரியவில்லை. காட்சி வறட்சியாக இருக்கிறதே என்று அடுப்பில் ஏதோ வைத்தேன். அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடலாம்.]

4

இசைவாணி அம்மா போன் செய்தார். பத்து வழி கேட்டேன், நீங்கள் ஒரு ஆளை அனுப்பி வைத்திருக்கிறீர்கள் என்றார். வழிகள் அவரிடம் இருக்கின்றன, வருவார் என்றேன். கடைசியில் ஒரு நீதி வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுப்பராயலுவுக்கு நோய் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. சிகரெட்டில் இல்லை, எஞ்சினில். தனத்தின் தம்பி ராஜவேல் அதே தடத்தில் இன்னமும் டிரைவராக இருந்தார். சுப்பராயலு அவரைப் பிடித்தார்.

"மச்சான், சிதம்பரத்துல நீ வண்டிய ஆஃப் பண்ணாம இருக்கணும்."

"எவ்ளோ நேரம் மாமா?"

"நான் ஒங்கக்கா வூட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்."

ராஜவேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. அவர் யோசித்தார். "மாமா, ஊருல ஒவ்வொருத்தன் அத வுட மாத்திரை சாப்புடறான். நீங்க கெவர்மெண்டு டீசல சாப்புடறீங்க" என்றார். ஆனாலும் அக்கா விஷயமாயிற்றே என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு வண்டி ஸ்டாண்டுக்குள் உறுமிக்கொண்டே நின்றது. சுப்பராயலு இறங்கினார். கை அசையவில்லை. பெட்டிக்கடையைத் தாண்டினார்; கை அசையவில்லை. தெருவுக்கு வந்துவிட்டார். தேர்முட்டி வரைக்கும் போய்விட்டார். பின்னால் நேரக்காப்பாளர் வந்து ராஜவேலைத் திட்டித் தீர்த்து எஞ்சினை அணைக்க வைத்தார். கீழ வீதியில் பூசணிக்காய் விற்கிற சத்தம், ஆட்டோ சத்தம், கோயில் மணி இத்தனைக்கும் நடுவில், அத்தனை தூரத்திலிருந்து, அந்த எஞ்சின் அடங்கியது சுப்பராயலுவுக்குக் கேட்டது. உள்ளங்கால் வழியாகக் கேட்டதாக அவர் சொன்னார். கை பைக்குள் போனது.

மறுபடி கிராம்பு, கொய்யா இலை, எலுமிச்சை, மல்லிகை. மறுபடி அதே வாசல். தனம் கையில் சாம்பார்க் கிண்ணத்தோடு வந்தார். "இளமதி, இது ஊசிப்போச்சா பாரு" என்று உள்ளே நீட்டிவிட்டு, கேட்டுக்கு வந்து அவரைப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்க."

மூன்றாவது முறை சுப்பராயலு ரயிலில் போனார். துறைமுகம் ஜங்ஷனில் ஏறி சிதம்பரத்தில் இறங்கினார். மின்சார எஞ்சின், அது ஓடுவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. கை குழம்பிப்போய்ச் சும்மா இருந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தார். பிடிக்கவில்லை. கீழ வீதி வந்தார். பிடிக்கவில்லை. நான் சாட்சி, அவரை அங்கே நடக்க வைத்தவனே நான்தான்.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. பழைய சட்டையில் பழைய வாசனை ஒட்டியிருந்தால்? ரயிலிலேயே ஒரு பை நிறையக் கொய்யா இலை மென்று தீர்த்திருந்தார். இரண்டு கடைவாயிலும் கிராம்பு. மல்லிகை இந்த முறை இரண்டு முழம். மகள் வீட்டு வாசலில் போய் நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக உண்மை பேசுகிறவனின் நடுக்கத்தோடு, "இன்னைக்கு சத்தியமா இல்ல தனம்" என்றார்.

தனம் நிதானமாகப் பார்த்தார். "அப்பறம் எதுக்கு இத்தன எல மென்னு வச்சிருக்கீங்க? பல்லெல்லாம் பச்சையா இருக்குது" என்றார். "போய்ட்டு வாங்க."

5

கெட்டது செய்துவிட்டு மாட்டிக்கொள்வதை சுப்பராயலு பொறுத்துக்கொள்வார், அதற்குப் பழகியவர். செய்யாததற்கு மாட்டிக்கொண்டது நெஞ்சில் தைத்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அவர் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறியதை நான் கவனிக்கவில்லை. கதையில் நான் அப்படி எழுதவும் இல்லை. அவராகவே போனார்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர், அங்கே கொளஞ்சியப்பர் கோயில். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆடு காணாமல் போனாலும், பங்காளி வரப்பைத் தள்ளினாலும் அங்கே போய்ப் பிராது கட்டுவார்கள். குறையை ஒரு தாளில் எழுதி, பூசையில் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவது. மீதி விசாரணை சாமியுடையது. காரியம் முடிந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள், எவ்வளவு தூரம் என்றுகூடக் கேட்டுக்கொள்வார்கள். கிலோமீட்டரைக் கேட்ட உடனேயே, இது நம்ம டிப்பார்ட்மெண்ட் சாமி என்று சுப்பராயலுவுக்குப் பட்டுவிட்டது.

யார் மீது பிராது என்ற இடம் வந்தபோதுதான் அவர் தயங்கினார். தனத்தின் மீது கொடுக்க மனம் வரவில்லை. ராஜவேல் பாவம், எஞ்சினை அணைக்காததற்கு மெமோ வாங்கியவர். கையின் மீது கொடுக்கலாம், ஆனால் அது அவருடைய கையாகவும் இருந்தது. மர நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். வாரம் முழுக்க வீட்டில் நன்றாக இருக்கிற மனிதன், சிதம்பரத்தில் இறங்கியதும் தன்னையறியாமல் பற்றவைக்கிறான் என்றால், வேறு யாரோ பற்றவைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அவர் என் பெயரை எழுதினார்.

முகவரியும் தவறில்லாமல் எழுதியிருந்தார்: மஞ்சக்குப்பம், தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, முதல் மாடி, ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். சாராம்சம் இது: நான் விட்டுவிட்டேன். மேற்படியார் விடுவதில்லை. அவருக்குக் கதை நகராதபோதெல்லாம் என் வாயில் ஒன்றைச் செருகுகிறார். எனக்கு வயதாகிறது. என் மனைவி வெளியூரில் இருக்கிறாள். சாமி பார்த்துச் செய்ய வேண்டும்.

6

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், பேனா நின்றது.

"சுப்பராயலு பெட்டிக்கடையை நோக்கி" வரை எழுதினேன், மை வரவில்லை. உதறினேன். வேறு பேனா எடுத்தேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. "சுப்பராயலு பிரஷர் மாத்திரை சாப்பிட்டார்" என்று எழுதினால் சரளமாக ஓடியது. "சுப்பராயலு தீப்பெட்டியை" என்றால் நின்றது. இப்படி எழுதிய பக்கங்களில் அந்த மனிதர் ஒரே நாளில் பதினேழு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்; அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

யோசிப்பதற்காக நானே ஒன்று எடுத்து உதட்டில் வைத்து, தீக்குச்சி கிழித்தேன். எரியவில்லை. அடுத்தது. எரியவில்லை. பெட்டி முழுக்கக் கிழித்துத் தீர்த்தேன். சமையலறையில் காஸ் அடுப்பைப் பற்றவைத்து அதில் காட்டலாம் என்று குனிந்தபோது — [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. என் மீசையைப் பார்த்தவர்கள் முடித்துக்கொள்வார்கள்.]

அன்று சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். நான் எழுதியதைவிட ஒல்லியாக இருந்தார்.

"தெரியுதா சார்?" என்றார்.

உட்காரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். பிராது விஷயத்தை அவரே சொன்னார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். நானும் சூடாகவே பதில் சொன்னேன்: நீங்கள் பிடித்தால்தான் கதை, விட்டுவிட்டால் உங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மாத்திரையா?

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"சார், ஆஸ்பத்திரில என்ன ஸ்ட்ரெச்சர்ல வச்சித் தள்ளிக்கினு வந்தாங்க. வராந்தாவுல அவ ஒக்காந்திருந்தா. மடியில ஒரு மஞ்சப் பை. நான் என்னமோ பழம் வாங்கியாந்திருக்கான்னு நெனச்சேன். எஞ்செருப்பு சார். அங்க வுட்டா காணாம பூடும்னு செருப்ப மடியில வச்சிக்கினு மூணு நாளு ஒக்காந்திருக்கா. அதப் பாத்தப்பறமும் இந்தக் கை போவுது பாருங்க."

நான் எழுதும் மேசையைப் பார்த்தேன். செருப்பு பற்றி நான் எழுதவே இல்லை. பெஞ்சை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். மடியில் என்ன இருந்தது என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ என்ன ஒழுங்கா எறக்கி வுடுங்க. நீங்க எதையும் என் வாயில வைக்காதீங்க. சிகரெட்டும் வாணாம், கிராம்பும் வாணாம். அப்பறம் நான் போய் ராஜினாமா குடுத்துடறன்."

"தனம் வந்துவிடுவார்கள் என்று எழுதிவிடட்டுமா? எனக்கு ஒரு வரிதான் செலவு."

"அதத்தான் எழுதக் கூடாதுன்றன்" என்றார் சுப்பராயலு. "அவ வர்றதும் வராததும் அவ சொல்லணும். நீங்க சொல்லி அவ வந்தா எனக்கு வாணாம்."

7

சொன்னபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. ராஜவேல் ஓட்டும் வண்டி. சுப்பராயலு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பையில் கொய்யா இலை இல்லை, எலுமிச்சை இல்லை, பூ இல்லை. ஆலப்பாக்கம். புதுச்சத்திரம். முட்லூரில் ஒரு கூட்டம் ஏறியது. அவரை நெருக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையெல்லாம் வியர்வை, இவர் சட்டையிலும் ஒட்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் அவர் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொள்ளவில்லை. சிதம்பரம். ராஜவேல் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தார். அணைக்கட்டுமா என்று கேட்பதுபோல இருந்தது. சுப்பராயலு தலையாட்டினார்.

எஞ்சின் அணைந்தது.

இந்த இடத்தில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய், கதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் வாயில் எதையும் வைப்பதில்லை என்பதுதான் ஒப்பந்தம். அவராக வைத்துக்கொண்டால் அது அவர் பாடு. ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் அப்படியே நின்றேன். பின்னால் இரண்டு விசில் கேட்டது. அது சுப்பராயலு தன் உதட்டில் விசிலைச் செருகிக்கொண்டு ஊதியதாக இருக்கலாம். ஆனால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விசில் சத்தத்துக்கா பஞ்சம்? (ராஜவேலைப் பிறகு விசாரித்தேன். ரெட்டை விசில் கேட்டதும் கை தானாக சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிவிட்டதாகவும், இன்னொரு மெமோ வந்ததாகவும் சொன்னார். யார் ஊதியது என்று பார்க்கவில்லையாம். அந்தக் குடும்பத்தில் கைகள் எல்லாம் இப்படித்தான்.)

அந்த நேரத்தில் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது இந்தக் கதைக்கு வெளியே.

நான் திரும்பியபோது அவர் கீழ வீதியைத் தாண்டிச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார். வியர்த்துக் கசங்கிய சட்டை. கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. மூச்சை அடக்கவில்லை. நேராக நின்றார்.

தனம் வந்தார். முன்பைவிட அதிக நேரம் பார்த்தார். சுப்பராயலு சத்தியம் எதுவும் செய்யவில்லை.

"கிட்ட வாங்க" என்றார் தனம்.

கிரில் கேட்டைத் திறந்து, அவர் சட்டையருகே முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார்.

8

இசைவாணி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்புறம் என்றார். அவ்வளவுதான் என்றேன். இதில் பத்து வழி எங்கே, நீதி எங்கே என்றார். அவரே ஒரு முடிவு சொன்னார்: தனம் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார், சுப்பராயலு பள்ளி மாணவர்களுக்குப் புகையின் தீமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறார். சங்கத் தலைவர் வேறொன்று சொன்னார்: தனம் "போய்ட்டு வாங்க" என்கிறார், சுப்பராயலு ஸ்டாண்டுக்குத் திரும்புகிறார், எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. எனக்கே ஒன்று தோன்றியது: தனம் உள்ளே போய் ஒரு மஞ்சப் பையை எடுத்துக்கொண்டு — [வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலும், பேனா லேசாகத் தயங்குகிறது.]

பிராது இன்னமும் வேலில்தான் இருக்கிறது. சுப்பராயலு ராஜினாமா கொடுத்தாரா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தீக்குச்சி எரிகிறதா என்று சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்தான். அந்தச் சோதனையையும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். இசைவாணி அம்மா வேண்டுமானால் இதைப் பதினோராவது வழி என்று போட்டுக்கொள்ளலாம்.

தனம் சொன்னதை எழுத சுப்பராயலு என்னை விடவில்லை. உங்களை யாரும் தடுக்கவில்லை. இடம் விட்டிருக்கிறேன்:

"……………………………………"

எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு தகவல். கொரோனா வந்து பிழைத்த நாளிலிருந்து தனத்துக்கு எந்த வாசனையும் தெரியாது.